போர்தோ பக்கம் பழைய ஒயின் தோட்டங்கள்: வயதானவர்களோடு, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே வேனில் போகலாமா?

அம்பத்தூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வருடம் குடும்பத்தோடு பிரான்ஸ் போவதாக முடிவாகியிருக்கிறது. நான், கணவர், மாமனார், மாமியார், என் தம்பி, தம்பி மனைவி என்று ஆறு பேர். டிராவல்ஸில் விசாரித்தால் பாரிஸ், சுவிஸ், ரோம் என்று பஸ்ஸில் ஏற்றி இறக்கும் பேக்கேஜைத்தான் நீட்டுகிறார்கள். எங்களுக்கு அது வேண்டாம். பாரிஸைக் கொஞ்சம் பார்த்துவிட்டு போர்தோவுக்குப் போய், அங்கே இருக்கும் பழைய ஒயின் தோட்டங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆசை முதலில் கணவருக்குத்தான் வந்தது. பெங்களூர் போகும்போதெல்லாம் நந்தி மலைப் பக்கம் இருக்கும் திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் திரும்புவார். மாமனார் குடிப்பதில்லை. ஆனால் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எந்தப் பொருளானாலும் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது, முட்டி வலி வேறு. தம்பியும் அவன் மனைவியும் எதற்கும் தயார்.

செப்டம்பரில் போகலாம் என்று நினைக்கிறோம். ஒரு நாளைக்கு எத்தனை தோட்டம் பார்க்கலாம்? குடிக்காதவர்கள் கூட வந்தால் அவர்கள் ஏதும் நினைப்பார்களா? போர்தோவிலிருந்து எட்டுப் பேர் உட்காரும் வேனில் கூட்டிப் போகிறார்களாம். முன்பின் தெரியாதவர்கள் கூட வருவார்கள். அது சரிப்படுமா, இல்லை காசு கூடினாலும் தனி வண்டி எடுத்துக்கொள்ள வேண்டுமா? அப்புறம், ருசி பார்த்துவிட்டுத் துப்புவார்கள் என்று படித்தேன். அதை நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

திருவான்மியூர்க்காரி:

முதலில் மாதத்தை மாற்று அம்மா. போர்தோவில் செப்டம்பர் அறுவடை மாதம், அக்டோபர் தொடக்கம் வரைக்கும்கூட இழுக்கும். பெரிய தோட்டங்களில் பல அந்தச் சமயத்தில் வெளியாட்களை விடுவதில்லை. சின்னத் தோட்டத்தில் உள்ளே விட்டாலும் நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. மே மாதம் போ. இங்கே கத்திரி வெயில் கொளுத்தும்போது அங்கே இதமாக இருக்கும். மாதக் கடைசியில் போனால் கொடி பூக்கத் தொடங்கியிருக்கும். பூ என்று பெயர்தானே தவிர, குனிந்து உற்றுப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அது பூத்ததிலிருந்து ஏறக்குறைய நூறு நாள் எண்ணித்தான் அறுவடையைக் கணக்குப் போடுவார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: மே 1, மே 8 இரண்டும் அங்கே அரசு விடுமுறை. அதே மாதத்தில் பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமை கிறிஸ்தவப் பண்டிகையும் வந்து வார இறுதியோடு சேர்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல தோட்டங்கள் மூடியிருக்கும். எங்கே போவதானாலும் முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொள். நேராகப் போய்க் கதவைத் தட்டுவது அங்கே நடக்காது.

ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். காலையில் ஒன்று, மதியம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் முதலில் கொடிகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப் போவார்கள், அப்புறம் நொதிக்க வைக்கும் தொட்டிகள், அப்புறம் பீப்பாய் அறை, கடைசியில்தான் கிளாஸ். ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. மூன்றாவதாக ஒரு இடத்துக்குப் போனால் நாக்கும் மரத்துவிடும், காதும் கேட்பதை நிறுத்திவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், பெயர் பெற்றது ஒன்று, பெயர் தெரியாதது ஒன்று. 1855-இல் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போர்தோ தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். தரகர்கள் போட்ட பட்டியல் அது. அன்றைக்கு எந்த ஒயின் எவ்வளவு விலைக்குப் போனதோ அதுதான் கணக்கு. இன்றைக்கும் அந்தப் பட்டியல்தான். இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் மட்டும், அதுவும் 1973-இல். லாஃபித், லதூர் மாதிரி முதல் தரத்துத் தோட்டங்களில் எல்லோருக்கும் அனுமதி கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று மனம் உடையத் தேவையில்லை. அதே தரத்து மார்கோ தோட்டத்துக்குப் போனால் வாசலில் நின்றபடியே இரண்டு பக்கமும் மரங்கள் வரிசை கட்டிய சாலையையும், அதன் கோடியில் 1810-களில் எழுப்பிய தூண் வைத்த மாளிகையையும் பார்க்கலாம். பட்டியலில் இல்லாத குடும்பத் தோட்டத்திலோ வீட்டுக்காரரே சாவியை எடுத்துக்கொண்டு வந்து திறந்து காட்டுவார். மாமனார் நூறு கேள்வி கேட்டாலும் அங்கேதான் பதில் கிடைக்கும்.

மாமனாரைப் பீப்பாய் அறையில் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். ஒரு பீப்பாயில் 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 பாட்டில். ஓக் பலகைகளை நெருப்பில் காட்டி வளைத்து, இரும்பு வளையம் போட்டு இறுக்குகிறார்கள். பசை கிடையாது, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஆணி கிடையாது. உள்பக்கத்தை எவ்வளவு நேரம் வாட்டுகிறார்களோ அதைப் பொறுத்து ஒயினின் வாசனை மாறுகிறது. பல இடங்களில் பீப்பாயின் நடுப்பகுதி மட்டும் பட்டையாகக் கருஞ்சிவப்பில் இருக்கும். நிரப்பும்போது வழிந்த கறை தனித்துத் தெரியக் கூடாது என்று ஒயினையே எடுத்து அங்கே சீராகப் பூசிவிடுகிறார்கள். மேலே கண்ணாடி மூடி. மரத்தின் வழியாக ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால் மூடியைத் திறந்து அடிக்கடி ஊற்றி நிரப்ப வேண்டும். காற்றுக்கு இடம் விட்டால் ஒயின் கெட்டுவிடும். எங்களுக்குக் காட்டியவர் பீப்பாயின் வயிற்றில் விரலை மடக்கித் தட்டிக்கொண்டே நடந்தார். ஒன்றில் சத்தம் மாறியதும் நின்று, அதைத் திறந்து நிரப்பிவிட்டுத்தான் எங்களிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

தனி வண்டி பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். நானும் என் நாத்தனாரும் போனபோது எங்கள் வேனில் அயர்லாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், பிரேசில் தம்பதி, கொரியாவிலிருந்து தனியாக வந்த ஒரு பையன். காலையில் யாரும் யாரோடும் பேசவில்லை. செந்த்-எமிலியோன் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் அந்த வீட்டுப் பெண் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, என்ன வாசனை வருகிறது என்று கேட்டாள். எல்லோரும் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் நாவல்பழம் என்றேன். இங்கிலீஷில் எப்படிச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியவில்லை. தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும், கடைசியில் தொண்டையில் லேசாகத் துவர்க்கும் என்று நாக்கை நீட்டியே காட்டினேன். உடனே பிரேசில் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரில் மரத்தின் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும் கருப்புப் பழம் ஒன்று உண்டாம், ஜபுத்திகாபா என்று பெயர், அதே துவர்ப்பு என்றார். போனில் படம் காட்டினார். கொரியப் பையன் பென்சில் சீவிய தூள் என்றான். நர்ஸ் மட்டும் கறுப்புத் திராட்சைவத்தல் போட்ட ஜாம் என்றார். அந்தப் பெண் ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, மறுபடி முகர்ந்து, ஒரு வாய் சுவைத்தும் பார்க்கச் சொன்னாள். இந்தத் தடவை எனக்குப் பென்சில் தூள் வந்தது, நர்ஸுக்குத் துவர்ப்பு பிடிபட்டது. ஒருவர் சொன்னதும் இன்னொருவர் மூக்குக்கும் நாக்குக்கும் அது எட்டுகிறது. உங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் போனால் கைடு சொல்லும் பட்டியலுக்குத் தலையாட்டிவிட்டு வருவீர்கள். நீங்கள் ஆறு பேர், வேனில் மிச்சம் இரண்டு இடம்தான். அந்த இரண்டு பேர் வரட்டும். முடிந்தால் ஒரு நாளாவது நீங்களே இரண்டு வேனில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து போய்ப் பாருங்கள்.

துப்புவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மேஜையிலேயே படிக்கம் வைத்திருப்பார்கள். ஒரு மடக்கை வாயில் வைத்து நாலு பக்கமும் சுழற்றிவிட்டு அதில் துப்பலாம். கூச்சமாக இருந்தால் கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தை அதில் கொட்டிவிடலாம். தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான்; தினமும் எத்தனையோ ஒயினைப் பார்ப்பவர்கள் விழுங்கிக்கொண்டே இருக்க முடியுமா? குடிக்காதவர்கள் கிளாஸை வாங்கி முகர்ந்தாலே போதும், பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. சில தோட்டங்களில் திராட்சைச் சாறு தருவார்கள், எழுதும்போதே கேட்டுவிடு. யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மாம்பலம்_மெயில்:

அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், முட்டி வலிக்காக. மெதோக் பக்கம், அதாவது மார்கோ, பொய்யாக் எல்லாம் ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிய சமதரை. கூழாங்கல் மண். பகலில் கல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், மழைத் தண்ணீரை உடனே கீழே விட்டுவிடும். காபர்னே சாவிஞோன் திராட்சை அங்கே நன்றாக வருவதற்கு அதுதான் காரணம். மாமியார் தாராளமாக நடக்கலாம். செந்த்-எமிலியோன் அப்படி இல்லை. சுண்ணாம்புக் குன்றின் மேல் ஊர், கல் பாவிய செங்குத்தான சந்துகள், மழை பெய்தால் வழுக்கும். ஆனாலும் தவறவிடாதீர்கள். ஒரே பாறையைக் குடைந்து செய்த தேவாலயம் அங்கே இருக்கிறது. மாமல்லபுரம் பார்த்து வளர்ந்த நமக்கு உள்ளே போனதும் கை தானாகச் சுவரைத் தடவிப் பார்க்கும். குன்றுக்கு அடியில் கட்டடத்துக்குக் கல் வெட்டி எடுத்த சுரங்கங்களில்தான் சில தோட்டங்கள் இன்றைக்கும் ஒயினை வைத்திருக்கின்றன. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். மாமியாரை மேல்பக்கம் வண்டியில் இறக்கிவிட்டு, அங்கேயே ஒரு காபிக்கடையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

பாரிஸில் இருக்கும்போதே ஷாம்பெயின் ஊரான ரெய்ம்ஸுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். ரயிலில் முக்கால் மணி நேரம். ரோமானியர் காலத்தில் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்கள்தான் இன்றைக்கு ஷாம்பெயின் நிலவறைகள். பொம்மெரி என்ற ஷாம்பெயின் நிறுவனத்தில் கீழே இறங்க 116 படி. மாமியாருக்கு அது ஆகாது, எழுதும்போதே லிஃப்ட் உள்ள இடமாகக் கேளுங்கள். கோடையானாலும் உள்ளே 10 டிகிரிதான். சென்னை உடம்புக்கு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும், காதுக்கு மஃப்ளரும். நான் மறுபடி போனால் முதலில் அங்கேதான் போவேன். பாட்டில்களைத் தலைகீழாகச் சாய்த்து வைத்த மரத்தட்டிகள் இருட்டில் வரிசையாக நிற்கும். அந்தக் காலத்தில் ஒரு ஆள் தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கசடைக் கழுத்துக்கு இறக்குவானாம். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான். எங்களுக்காக ஒரு பெரியவர் இரண்டு கையாலும் திருப்பிக் காட்டினார், கை போன வேகத்தில் பாட்டில் அசைந்ததே தெரியவில்லை.

வாடகைக்கார் எடுத்து ஓட்டலாம் என்று தம்பி சொன்னால் சம்மதிக்காதீர்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் அங்கே எல்லை. அன்றைக்கு ருசி பார்க்கிறவர் ஓட்டவே வேண்டாம்.

அம்பத்தூர்வாசி:

அக்கா, சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மே மாதம் என்று மாற்றிவிட்டோம். வேன் விஷயம் படித்ததும் கணவர் தனி வண்டிப் பேச்சையே விட்டுவிட்டார். மாமனார் பீப்பாய்ப் பத்தியை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மாமியார் ஒன்று கேட்கிறார்: தோட்டத்தில் ஒயினோடு என்ன சாப்பிடத் தருவார்கள்? ஒயினில் முட்டை சேர்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம், அது உண்மையா? அவர் குடிக்கப் போவதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

கம்பம்காரன்:

வடபழனியில் இருக்கிறேன், சொந்த ஊர் கம்பம் பக்கம். எங்கள் வீட்டில் பன்னீர் திராட்சைதான் பயிர். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திராட்சை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்று ஊரில் சொல்வார்கள். அதனாலேயே அங்கே போய்ப் பார்க்க ஆசை.

நம் ஊரில் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் கொடி விடுகிறோம், வருடத்தில் ஒரு தடவைக்கு மேல் வெட்டுகிறோம். அங்கே கொடியைக் குட்டையாகவே வளர்க்கிறார்கள். மெதோக்கில் ஒரு ஹெக்டேருக்கு 10,000 கொடி வரைக்கும் நெருக்கி நடுகிறார்கள். வருடத்துக்கு ஒரே அறுவடை. காய்க்கும் பருவத்தில் தண்ணீர் பாய்ச்சப் பொதுவாக அவர்கள் சட்டம் விடாது. வேர் தானே கீழே போய்த் தேடிக்கொள்ள வேண்டும். பச்சைக் குலையையே வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள், மிச்சக் குலைகள் நன்றாகப் பழுக்கட்டும் என்று. அதைப் படத்தில் பார்த்துவிட்டு எங்கள் அப்பா அன்றைக்கு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

கொடிகளுக்கு நடுவே நடக்கும்போது அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். மண்ணுக்குக் கொஞ்சம் மேலே ஒரு முண்டு இருக்கும். அது ஒட்டுக் கட்டிய இடம். 1860-களில் பிலாக்சரா என்ற பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்ஸ் முழுக்க வேரைத் தின்று தீர்த்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்ட வைத்துத்தான் பிழைத்தார்கள். எவ்வளவு பெரிய தோட்டமானாலும் அநேகமாகக் கீழே இருப்பது அமெரிக்க வேர்தான். வரிசை முனையில் ரோஜாச் செடி வைத்திருப்பதையும் கேளுங்கள். சாம்பல் நோய் ரோஜாவில் முதலில் தெரியும், உடனே கொடிக்கு மருந்து அடிக்க அவகாசம் கிடைக்கும் என்று அந்தக் காலத்தில் வைத்த பழக்கம்.

திருவான்மியூர்க்காரி:

கம்பம் தம்பி, அடித்தண்டைப் பார் என்று சொன்னாயே, அதை எந்தக் கைடும் தானாகச் சொல்ல மாட்டார்.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். உண்மைதான். போர்தோவில் சிவப்பு ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவைப் பீப்பாயில் அடித்து ஊற்றுவது பழைய முறை. அது துவர்ப்பையும் கசடையும் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய மஞ்சள் கருவிலிருந்துதான் போர்தோவின் கனெலே என்ற கேக் வந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். வெளியே கருகினாற்போல் மொறுமொறுப்பாக, உள்ளே குழைவாக இருக்கும். அதில் முட்டையும் உண்டு, ரம்மும் உண்டு, மாமியாருக்கு வேண்டாம். ஒயின் தெளிய வைக்க வேறு இடங்களில் பால்புரதம், மீனிலிருந்து எடுக்கும் பொருள், ஒரு வகைக் களிமண் என்று பலதும் உண்டு. களிமண்ணில் தெளிய வைத்ததும், தெளிய வைக்காமலே விடுவதும் இப்போது நிறையக் கிடைக்கிறது. தோட்டத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். பாட்டிலில் வீகன் என்று போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாப்பாட்டுத் தட்டில் பன்றி இறைச்சித் துண்டும் சீஸும் ரொட்டியும் சேர்த்துத்தான் வைப்பார்கள். நேரம் வாங்க எழுதும் கடிதத்திலேயே இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுது. சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும். சீஸ் விஷயத்திலும் மாமியாரிடம் முன்பே சொல்லிவிடு: பழைய பிரெஞ்சு வகைகளில் பலதுக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததைத்தான் போடுகிறார்கள். கையில் கொஞ்சம் தட்டையும் புளியோதரைப் பொடியும் இருக்கட்டும். அங்கே ரொட்டி, வெண்ணெய், தக்காளி எல்லாம் அருமையாக இருக்கும், பட்டினி கிடக்க நேராது.

பாட்டில் வாங்குவதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள். இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவர் வரி கட்டாமல் இரண்டு லிட்டர்தான் கொண்டுவரலாம். ஒரு பாட்டில் 750 மில்லி என்பதால் ஆளுக்கு இரண்டு, மூன்றாவது எல்லையைத் தாண்டிவிடும். வாங்குவதைச் சின்னத் தோட்டத்தில் வாங்கு. பெரிய பெயர்களை எந்த ஊரிலும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். சின்னத் தோட்டத்து ஒயின் பலதும் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. விமானம் மாறும்போது கைப்பையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அதனால் பெட்டிக்குள் போட்டு முதலிலேயே கொடுத்துவிடு. ஒவ்வொரு பாட்டிலையும் மாமனாரின் வேட்டியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வை, ஓரத்தில் வேண்டாம். ஒரு பாட்டில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வரும், எடையையும் பார்த்துக்கொள்.